மேடை தந்த தேர்ச்சி

விஜய் தொலைக்காட்சியின் ‘கலக்கப் போவது யாரு’ போட்டியில் பலகுரல் கலைஞராக அறிமுகமாகி, சிரிப்பை அடக்குவோர் வெல்லும் ‘சிரிச்சா போச்சு’ சுற்றால் புகழ்பெற்ற ‘அது இது எது’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய சிவகார்த்திகேயன், 2012இல் ‘மெரினா’ திரைப்படத்தின் நாயகனாகி, 2018இல் ‘கனா’வின் தயாரிப்பாளராகவும், ‘கோலமாவு கோகிலா’வில் ஒரு பாடலின் ஆசிரியராகவும் விளங்கினார். அவையின் மனநிலையை நொடியில் உணர்ந்து, பேச்சை அதற்கேற்பத் திருப்பும் தொகுப்பாளர் கலையே அவருடைய பிற துறைகளுக்கும் உரமாயிற்று எனலாம். அந்நிகழ்ச்சிகளை மலேசியாவின் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சிச் சேவை வழியாகக் கண்டு வளர்ந்த ஜொகூர் மாநில இளைஞர்கள், கோயில் திருவிழாவிலும் திருமண மண்டபத்திலும் ஒலிவாங்கி பிடிக்கக் கிடைக்கும் வாய்ப்பைச் சிறிதென்று ஒதுக்காமல், முறையாகப் பயில வேண்டிய கலையாகவே போற்ற வேண்டும். சிறிய மேடையில் பெற்ற தேர்ச்சியே பெரிய மேடையில் கைகொடுக்கும்.