எது நேர்

‘வாரியோவேர்: டுவிஸ்டட்!’ ஆடுகிறவரைத் தூரத்திலிருந்து பார்த்தால், கார் ஓட்டத் தெரியாதவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்த மாதிரி இருக்கும். 2004 அக்டோபரில் கேம் பாய் அட்வான்ஸுக்காக நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட விளையாட்டு. மறு ஆண்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. ஐரோப்பாவில் கடைசிவரை வரவேயில்லை. உள்ளே 200க்கும் மேற்பட்ட குட்டி விளையாட்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஐந்து வினாடி. திரையில் ஒரே ஒரு சொல் கட்டளையாக வரும். அது என்னவென்று பிடிபடுவதற்குள் பாதி நேரம் போய்விடும். பட்டன்களுக்குப் பெரிய வேலையில்லை, கருவியையே இடமும் வலமுமாகத் திருப்ப வேண்டும். அது வெளிவந்தபோது நான் பாலர் பள்ளியில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் பழைய பொருள் விற்கும் ஒருவரிடமிருந்து கருவியையும் கார்ட்ரிட்ஜையும் சேர்த்து வாங்கினேன்.

வேகம் மனிதனைச் சிந்திக்க விடுவதில்லை என்று இதை வைத்துச் சுலபமாக ஒரு புலம்பல் எழுதலாம். டிக்டாக், கவனச்சிதறல், நம் தலைமுறை... எனக்கு அதில் ஆர்வமில்லை. என்னைப் பிடித்துவைத்திருப்பது அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன உணரி.

அது ஒரு ஜைரோ. உள்ளே எப்போதும் அதிர்ந்துகொண்டிருக்கும் ஒரு துண்டு. கருவி சுழலும்போது அதிர்வு பக்கவாட்டில் கொஞ்சம் விலகும், அந்த விலகல் மின்சார அளவாக வெளியே வரும். அவ்வளவுதான். இதில் ஒரு விஷயம் உண்டு: ஜைரோவுக்குத் தெரிந்தது சுழலும் வேகம் மட்டுமே. இப்போது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது. வேகத்தைத் துளித்துளியாகக் கூட்டிக்கொண்டே போய், ‘இவ்வளவு திரும்பியிருப்போம்’ என்று மென்பொருள்தான் கணக்குப் போடுகிறது.

பொங்கல் விழாவில் பானை உடைக்கப் போனவர்களுக்கு இது உடனே புரியும். கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றி விடுவார்கள். சுற்றியது உடம்புக்குத் தெரியும். நின்ற பிறகு பானை எந்தப் பக்கம் என்பது தெரியாது. நம்முடைய கணக்கில் நேராக இருப்பது மேடைப்பக்கம் போய்க்கொண்டிருக்கும். கூட்டம் “இடது, இடது” என்று கத்தும். அதில் பாதிப் பேர் வேண்டுமென்றே மாற்றிச் சொல்பவர்கள், அது வேறு கதை.

ஜைரோவின் நிலைமை இன்னும் மோசம். சூடு ஏறினால் அது கொஞ்சம் பொய் சொல்லும். மேசைமேல் அசையாமல் கிடக்கும்போதே ‘மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்லும். வினாடிக்குக் கால் பாகை பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடத்தில் 15 பாகை, ஆறு நிமிடத்தில் 90. நேராகப் பிடித்திருக்கும் கருவி தன்னைப் படுக்கை நிலையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். இதற்கு அந்த விளையாட்டு கண்டுபிடித்த தீர்வு ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு குட்டி விளையாட்டும் தொடங்கும்போது, கருவியை நீங்கள் எப்படிப் பிடித்திருக்கிறீர்களோ அதையே பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்கிறது. பழைய கணக்கு அழிந்துவிடும். சோபாவில் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஆடினாலும் அதுதான் நேர்.

2000இல் வந்த ‘கிர்பி டில்ட் அண்ட் டம்பிள்’ இதற்கு நேரெதிர். அதில் இருந்த உணரி புவியீர்ப்பைத் தொட்டுப் பார்ப்பது. கீழே எது என்று அதற்குத் தெரியும். நம் கொத்தனார்களின் தூக்குக்குண்டும் ரசமட்டமும் அந்த வம்சம். ஜைரோவுக்குக் கீழ் என்று எதுவும் கிடையாது. எது நேர் என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? ஒழுக்கம் பற்றிய நம்முடைய பாதிச் சண்டைகள் இந்தக் கேள்விதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் குடும்பத்தில் ஓர் அண்ணன், பெரியம்மா மகன், சில வருடம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். வந்த அன்று பாட்டி எதுவும் கேட்கவில்லை. எல்லாருக்கும் போடும் மாதிரி ஒரு தட்டுப் போட்டு, எல்லாருக்கும் ஊற்றும் மாதிரி குழம்பு ஊற்றினார். “சாப்பிடுயா, ஆறிடும்” என்றார். அவ்வளவுதான். பூஜ்ஜியம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா ஒருவர், “அவன் சின்ன வயசிலேருந்தே அப்படித்தான் லா” என்று என் காதில் சொன்னார். அந்த மாமா பிழையைக் கூட்டிக்கொண்டே போகிறவர். 12 வயதில் நடந்ததையும் 30 வயதில் நடந்ததையும் சேர்த்து ஒரே திசையாக வரைந்துவிடுகிறவர். நம் சமூகத்தில் இப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பின் வகுப்பில் உட்கார்ந்த பையனை 40 வயதிலும் பின் வகுப்புப் பையனாகவே பார்ப்பார்கள். அன்று பாட்டிதான் சரி என்று எனக்குச் சந்தேகமேயில்லாமல் தோன்றியது.

ஆனால் அந்த வீட்டில் சித்தியும் இருந்தார். அண்ணன் எடுத்துப்போய் அடகு வைத்த சங்கிலி சித்தியுடையது. அது திரும்பி வரவேயில்லை. அன்று அவர் அடுக்களையிலேயே நின்று சாப்பிட்டார். கூடத்துக்கு வரவில்லை. சண்டையும் போடவில்லை. பாட்டி மன்னிக்கலாம், பாட்டிக்கும் வலி இருந்தது. சித்தியின் கணக்கையும் சேர்த்துப் பாட்டி அழித்துவிட முடியுமா?

இந்த இடத்தில் விளையாட்டு நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. அது கோணத்தை மறக்கிறது, எண்ணிக்கையை மறப்பதில்லை. உங்களுக்கு நான்கு உயிர். ஒன்றில் தோற்றால் ஓர் உயிர் போகும். அடுத்த ஐந்து வினாடிக்குப் புது பூஜ்ஜியம் கிடைக்கும், போன உயிர் கிடைக்காது. பெரிய ஆட்டம் ஒன்றை ஜெயித்தால்தான் ஒன்றைத் திருப்பிப் பெறலாம், அதற்கு நேரமும் கூடுதலாகக் கிடைக்கும். ஒருவனை நேராக நிற்கவிடுவதும் அவன் பட்ட கடனும் இரண்டு தனிக் கணக்கு. தட்டுப் போடுவது முதல் கணக்கு. சங்கிலி இரண்டாவது. அண்ணன் இப்போது லாரி ஓட்டுகிறார். சித்திக்கு மாதம் கொஞ்சம் கொடுக்கிறாராம். சித்தி வாங்கிக்கொள்கிறார், பேசுவதில்லை. பேச வேண்டும் என்று யாரும் அவரை வற்புறுத்தக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

இன்னொரு பூஜ்ஜியம் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் நேப்பாளிகள். 12 மணி நேர ஷிஃப்ட். போன வருடம் ஒரு பயிற்சிப் பொறியியலாளன் வந்து சேர்ந்தான், நம்ம பையன். முதல் வாரம் முழுக்க அவனுக்குக் கேள்விகள். “எப்படிண்ணே 12 மணி நேரம் நிக்கிறாங்க? உட்கார ஒரு நாற்காலிகூட இல்லையே?” ஆறாவது மாதம் அதே பையன், அதே லைனைக் காட்டி, “டீக்குப் போனவரு பத்து நிமிஷம் தாண்டிட்டாருண்ணே” என்றான். அவன் கெட்டவனாகிவிடவில்லை. இடையில் எந்த ஒரு நாளிலும் அவன் பெரிதாகத் திரும்பவும் இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் நின்ற இடத்தை நேர் என்று எடுத்துக்கொண்டான். ஜைரோவைக் கேட்டால் ‘அசைவே இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கும்.

சரி, சட்டம் இருக்கிறதே, அது வெளியிலிருந்து வரும் தூக்குக்குண்டுதானே என்று கேட்கலாம். நானும் எண்களை எடுத்துப் பார்த்தேன். நம் நாட்டில் 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது 45 ஆகக் குறைந்தது. நல்லது. ஆனால் கூடுதல் நேர வேலைக்கு மாதத்துக்கு 104 மணி நேரம் வரை இடம் உண்டு. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வகுத்தால் நாளுக்கு 4 மணி நேரம். எட்டும் நாலும் பன்னிரண்டு. அதாவது சட்டமே, ‘இப்படிப் பிடித்திருப்பதுதான் நேர்’ என்று யாரோ ஒரு காலத்தில் எடுத்த முடிவு. அது தேவையில்லை என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் 15 மணி நேரமும் நேராகிவிடும். ஆனால் அதைப் புவியீர்ப்பு என்று நம்பிவிடக் கூடாது.

லைனில் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். அவர் பாண்ட்டைக் கொஞ்சம் தூக்கினால் முழங்காலுக்குக் கீழே நரம்பு கயிறு மாதிரி புடைத்திருக்கும். இரண்டு ஜோடி காலுறை போட்டுக்கொள்கிறார். ஷிஃப்ட் மாறும்போது இயந்திரத்தின் எண்ணிக்கை அழிகிறது, அலாரம் அழிகிறது, எங்கள் அறிக்கை புதுப் பக்கத்தில் தொடங்குகிறது. அவர் கால் மட்டும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவதில்லை. அது எல்லா ஷிஃப்டையும் கூட்டிக்கொண்டே வருகிறது.

பாட்டி போட்ட தட்டுக்கும் எங்கள் லைனுக்கும் என்ன வித்தியாசம் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இரண்டும் பழையதை அழிப்பவைதான். பாட்டி அழித்தது, பெரும்பகுதி, அவர் சுமந்தது. சித்தியின் பங்கு வந்தபோது மட்டும் அது இடறியது. நாங்கள் தினமும் அழிப்பது வேறொருவர் காலில் இருப்பதை.

நடுவு நிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் துலாக்கோலை எடுத்துக்காட்டுகிறார். பொருளை நிறுப்பதற்கு முன் கோல் தானே சமமாக நிற்க வேண்டும் என்பது அதில் அடங்கிய விஷயம். தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்தபோது இதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. கோல் தானாகச் சமமாகிவிடும், கீழே பூமி இழுக்கிறதே. கீழே பூமி இல்லாத கோல் என்ன செய்யும் என்ற கேள்வி ஜைரோவைப் பார்த்த பிறகுதான் வந்தது.

நிபோங் திபாலில் படித்தபோது இரண்டு சக்கரத்தில் நிற்கும் ரோபோ ஒன்று செய்தோம். ஜைரோவை மட்டும் நம்பவிட்டால் கொஞ்ச நேரம் அழகாக நின்று, பிறகு மெல்லச் சாய்ந்து, முழு நம்பிக்கையோடு விழும். ஈர்ப்பை உணரும் உணரியை மட்டும் நம்பவிட்டால், மோட்டாரின் ஒவ்வொரு அதிர்வுக்கும் பதறி நடுங்கும். இரண்டையும் கலக்க வேண்டும். உடனடி அசைவுக்கு ஜைரோ. நீண்டகாலத்துக்கு ஈர்ப்பு. கலவையில் ஈர்ப்புக்கு நூற்றில் இரண்டு பங்கு கொடுத்தால்கூடப் போதும், ரோபோ நிற்கும். அந்த இரண்டு பங்கு ஒவ்வொரு கணமும் கலந்தாக வேண்டும், அதுதான் நிபந்தனை. ஆண்டுக்கு ஒருமுறை தணிக்கைக்கு ஆள் வரும்போது மட்டும் கலந்தால் விழுந்துவிடும்.

எங்கள் லைனுக்கு அந்த இரண்டு பங்கு எங்கிருந்து வரும்? அந்தக் கால்களிலிருந்து வரலாம், அவரைக் கேட்கிற வழக்கம் இருந்தால். பாதுகாப்புக் கூட்டத்தில் அவர் உட்காருவதில்லை. உட்கார்ந்தாலும் மொழி இல்லை. இன்னொன்று, புதிதாக வருபவர்களின் முதல் வாரக் கண். அந்தக் கண்ணுக்கு அனுபவம் இல்லைதான், அது சொல்வதில் பாதி தப்பாகக்கூட இருக்கும், பானை உடைக்கும் கூட்டம் மாதிரி. ஆனால் அது எங்களோடு சேர்ந்து இன்னும் சாயவில்லை.

அந்தப் பையன் முதல் வாரம் கேள்விகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைத்தான். நீல அட்டை, பக்கத்துக்கு இரண்டு மூன்று கேள்வி. நாற்காலி விஷயமும் அதில் இருந்தது, நான் பார்த்தேன். போன மாதம் கூட்டத்துக்கு முன்னால், அதை எடுத்துவரச் சொன்னேன்.

“எந்த நோட்டுண்ணே?” என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனுக்கு நினைவு வந்தது. மேசை இழுப்பறையில் இல்லை. லாக்கரில் பார்க்கிறேன் என்றான். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.