குட்டிச் சிலந்தியின் வயிறு

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னை விமான நிலையச் சுங்கத்துறை வெளியிட்ட செய்தி இது. போலந்திலிருந்து வந்த ஓர் அஞ்சல் பார்சலை அயல்நாட்டு அஞ்சல் நிலையத்தில் நிறுத்திப் பிரித்திருக்கிறார்கள். போய்ச் சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. உள்ளே வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சின்ன பிளாஸ்டிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் உயிருள்ள சிலந்தி. வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரும் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தாரும் வந்து பார்த்து, பிராக்கிபெல்மா உள்ளிட்ட அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் என்று கருதினார்கள். இறக்குமதி உரிமம் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

அந்தச் செய்தியில் எனக்குள் தங்கிவிட்டது பஞ்சுதான். குட்டிச் சிலந்திகளை அனுப்புகிறவர்கள் குப்பிக்குள் பஞ்சையோ காகிதத்தையோ நனைத்து வைப்பது வழக்கம். வழியில் அவற்றுக்குக் குடிக்கக் கிடைப்பது அந்த ஈரம் மட்டுமே. போலந்திலிருந்து மீனம்பாக்கம் வரைக்கும் அது காயாமல் இருந்ததா, திரும்பிப் போகிற வழியில் யாராவது ஒரு சொட்டு விட்டார்களா என்று நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

*

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் டாரன்டுலாக் குட்டி வளர்க்கிற பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும். மாடி அறையில், புத்தக அலமாரி ஓரத்தில், ஓட்டலில் சட்னி கட்டித் தருகிற குட்டி டப்பாவில் வைத்திருப்பார்கள். மூடியில் ஊசியால் குத்திய துளைகள், உள்ளே இரண்டு விரற்கடை தென்னை நார்த்தூள். ஸ்லிங் என்றுதான் சொல்வார்கள். விரல் நகத்தைவிடச் சிறிய உயிர்.

கேட்கிற முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றே. "சாப்பிட மாட்டேங்குதுண்ணா, என்ன நோயா இருக்கும்?"

வயிற்றைப் பார்க்கச் சொல்வேன். பின்னால் உருண்டையாக இருக்கிறதே, அது. காலைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, நடையைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. வயிறு முன்னுடலைவிடச் சற்றுப் பெரிதாக உருண்டிருந்தால் அது நன்றாக இருக்கிறது. ரொம்பப் பெருத்து, தோல் இழுபட்டு, பளபளத்து, நிறம் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. அப்போது சாப்பிடாது, சாப்பிடவும் கூடாது. வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வாரக்கணக்கில் வெளியே வராமலும் இருக்கும். பசிக்கிறதோ என்று இவர்கள் தோண்டிப் பார்க்கிறார்கள். அந்தத் தோண்டலில் செத்தவைதான் எனக்குத் தெரிந்து அதிகம்.

வயிறு சுருங்கி, மேலே மடிப்பு விழுந்திருந்தால் அது வேறு கதை. அப்போதும் பசி என்று நினைத்து இரையைப் போட்டுவிடக் கூடாது. முதலில் தண்ணீர்.

*

சிலந்தியின் காலில் முக்கியமான இரண்டு மூட்டுகளில் மடக்குவதற்குத் தசை உண்டு, நீட்டுவதற்குத் தசை கிடையாது. நீட்டுவது ரத்தத்தின் அழுத்தம். வேளச்சேரி சாலையில் பள்ளம் தோண்டுகிற ஜேசிபியின் கை எண்ணெய் அழுத்தத்தில் நீள்கிறதே, அதே வேலைதான். உடலில் நீர் வற்றினால் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கால்கள் தாமாகவே உள்ளே மடிகின்றன. எட்டுக் காலும் உடலுக்கு அடியில் சுருண்டு, சிலந்தி நிமிர்ந்தபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தால், அந்த நிமிடத்திலிருந்து காத்திருக்க நேரமில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சுத்தமான டப்பாவில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூவை விரித்து அதன்மேல் வைக்க வேண்டும். டிராப்பரால் வாய்ப்பக்கம் ஒரே ஒரு சொட்டு. வயிற்றின் அடியில், முன்பக்கமாகப் புத்தக நுரையீரலின் திறப்புகள் இருக்கின்றன. தண்ணீர் அவற்றை மூடிவிடக் கூடாது. கேன் தண்ணீரே போதும், குளுக்கோஸ், உப்பு எதுவும் வேண்டாம். சில மணி நேரத்தில் ஒரு கால் நீண்டால் நல்ல குறி. தேறியதும் அந்த ஈர டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும். காற்றோட்டமில்லாத ஈரத்தில் நாள்கணக்கில் கிடந்தால் அதுவே அடுத்த நோய்.

*

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் கிழக்கிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, மல்லாந்துருச்சுண்ணா. செத்துருச்சுபோல. திருப்பிப் போடட்டுமா?"

"கை வைக்காத தம்பி. டப்பாவ மெதுவா மேசைல வை."

சிலந்தி தான் நெய்த மெல்லிய நூல்விரிப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. கால்கள் உள்ளே மடியவில்லை, விரிந்திருந்தன. லென்ஸை நீட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு முன்னுடலின் ஓடு ஓர் ஓரமாகப் பிளந்து விலகியது. வயிற்றின் பக்கத்தில் ஒரு கோடு கிழிந்தது. அதன்பின் கால்கள். ஓர் இழுப்பு, ஓர் ஓய்வு, மறுபடி ஓர் இழுப்பு. பழைய காலுக்குள்ளிருந்து புதிய கால், ஈரமாக, கண்ணாடி நிறத்தில். கடைசியில் நுனிகள் விடுபட்டன. நச்சுப் பற்கள் வெள்ளையாக இருந்தன. பையன் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

திருப்பிப் போட்டிருந்தால் அந்த மென்தோல் கிழிந்திருக்கும். அவனிடம் நான் சொன்னது இரண்டே விஷயம். பற்கள் கறுத்து இறுகும்வரை, குட்டிக்கு ஒரு வாரமாவது, இரை கிடையாது. உயிருள்ள பூச்சி எதுவும் டப்பாவுக்குள் இருக்கக் கூடாது. சட்டை உரித்துத் தளர்ந்து கிடக்கிற சிலந்தியை அதற்குப் போட்ட சிள்வண்டே கடித்துத் தின்றுவிடும்.

*

நம் புறநகரில் இந்தச் சிலந்திகளுக்கு உண்மையான எமன் கொசு மருந்து என்று நினைக்கிறேன். பள்ளிக்கரணை சதுப்பு, ஏரிகள், மழை நின்ற காலி மனைகள்; கொசு இல்லாத வீடு ஏது? சுவரில் செருகி வைக்கிற திரவ மருந்து, சுருள், மாநகராட்சி வண்டி விடுகிற புகை, எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸ், இவற்றில் பலவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை நஞ்சு. பூச்சியின் நரம்பைத் தாக்குவது. சிலந்திக்கும் அதே நரம்பு.

தாக்கினால் நடை கெடும். கால்கள் ஒன்றோடொன்று சேராமல் வெட்டி வெட்டி இழுக்கும், இரையைப் பிடிக்கப் போய்த் தவறும், சில சமயம் தன் மேலேயே கவிழும். வெளிநாட்டில் வளர்க்கிறவர்கள் இதை டிகேஎஸ் என்கிறார்கள். ஒரே நோயென்று உறுதியாகச் சொல்ல முடியாத அறிகுறிக் கூட்டம் அது. மருந்து கிடையாது. புதிய டப்பா, புதிய மண், தண்ணீர், இருட்டு, நல்ல காற்று. பிழைத்தால் உண்டு.

சிலந்திக்காகக் கொசுவத்தியை அணைத்துவிடு என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டில் குழந்தை இருக்கும், டெங்கு இருக்கும். ஜன்னலுக்கு வலை அடிக்கலாம், கட்டிலுக்கு வலை கட்டலாம், மருந்து செருகாத அறைக்கு டப்பாவை மாற்றலாம். புகை வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தலாம். எறும்புக்குப் பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துகிறோமே, டப்பாவையும் அப்படியே நிறுத்தலாம். நாய்க்கு உண்ணி மருந்து தடவிய கையால் டப்பாவைத் தொடவே கூடாது. அந்த மருந்துகள் எட்டுக்கால் உயிர்களைக் கொல்லவே செய்யப்பட்டவை. தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளியை இரையாகப் போடுவதும் வேண்டாம், அது எந்தச் செடியில் எந்த மருந்தைத் தின்றதோ.

*

ஐப்பசி, கார்த்திகை. டப்பாவுக்குள் வெள்ளைப் பூஞ்சை, தின்று துப்பிய மிச்சத்தில் உண்ணிப்பூச்சிகள். மிச்சத்தை மறுநாளே இடுக்கியால் எடுத்துவிட்டால் பாதிக் கவலை தீரும். பக்கவாட்டிலும் துளை வேண்டும், மூடியில் மட்டும் போதாது. சித்திரையில் நேர்மாறு, மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் வந்தால் மண் சாம்பலாகக் காய்ந்திருக்கும்.

*

சிலந்தி கீழே விழுந்து வயிறு கிழிந்தால் கசிவது லேசான நீலச் சாயலுள்ள நீர். நம் ரத்தத்தில் இரும்பு இருக்கிற இடத்தில் அதற்குச் செம்பு. சோள மாவை ஒரு சிட்டிகை வைத்து அழுத்தாமல் மூடினால் சில சமயம் நிற்கும். கால் போனால் பயப்பட வேண்டாம். ஆபத்தில் அதுவே காலைக் கழற்றிவிடும், அடுத்தடுத்த சட்டை உரிப்பில் சிறிதாக முளைத்து வளரும்.

*

டப்பாவில் வளர்க்கவே கூடாதவையும் உண்டு. விலங்கியலாளர் ஆர்.ஐ. போக்காக் 1899-இல் ஒரு நீலச் சிலந்தியை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஆந்திரத்தின் குத்தி ஊரில், ரயில்வேயின் மரக்கிடங்கில் கிடைத்தது. மரக்கட்டைகளோடு ரயிலேறி வந்திருக்க வேண்டும். பிறகு நூறு வருடம் எவர் கண்ணிலும் படவில்லை. 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டார்கள். இன்று அது மிக அருகிய இனம். அதே சமயம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எத்தனையோ வீட்டு டப்பாக்களில் இருக்கிறது. அது சேர்ந்த பேரினம் முழுவதும் 2019-இல், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் ஏறியது. ராமேஸ்வரத்து அனுமன் கோயிலின் பெயரைத் தாங்கிய சிலந்தியும் அதில் ஒன்று. புளிய மரப்பொந்தில் இருக்கிற அதை எடுத்து டப்பாவில் போடுகிறவன் எவ்வளவு அன்பாகத் தண்ணீர் விட்டாலும் எனக்கு அவனோடு பேச ஒன்றுமில்லை.

வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சைட்டீஸ் பட்டியலில் வருகிற உயிரானால் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும், பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும். பிள்ளைகள் இதைக் கேட்டுச் சலித்துக்கொள்கிறார்கள். நோய் பற்றிப் பேசும்போது இதையும் பேசாமல் இருக்க எனக்கு மனமில்லை. அந்த 107 குப்பிகள் மாதிரி உரிமமில்லாமல் வருகிற எதற்கும் நோய்ச் சோதனை கிடையாது.

*

ஏன் சோதனை வேண்டுமென்றால், இதனால். வாயோரம் வெள்ளையாகப் பிசுபிசுப்பு, அழுகல் நாற்றம், இரையைத் தொட்டும் தின்ன முடியாமல் விடுவது. இவை சேர்ந்தால் உருளைப்புழு. கலிபோர்னியாவில் வளர்ப்பிடத்து டாரன்டுலாக்களில் கண்ட ஒரு புழு இனத்துக்கு 2022-இல்தான் பெயர் வைத்தார்கள். புழு வாய்ப்பகுதியில் வாழ்கிறது. சிலந்தி மெல்லப் பட்டினியில் சாகிறது. இதுவரை மருந்தில்லை. கூடவே வைத்திருக்கும் மற்ற டப்பாக்களையாவது காப்பாற்றலாம். நோயுற்றதை வேறு அறைக்கு மாற்றி, அதற்கென்று தனி இடுக்கி, தனி டிராப்பர் வைத்து, கடைசியாகக் கவனித்துவிட்டுக் கையைக் கழுவ வேண்டும். பக்கத்தில் சுற்றுகிற குட்டிக் குட்டி ஈக்களும் புழுவைச் சுமந்து போகும் என்கிறார்கள், அதனால் டப்பாத் துளையில் மெல்லிய வலைத் துணி.

இறந்துவிட்டால் உடலையும் மண்ணையும் செடித் தொட்டியில் கொட்டக் கூடாது. கொதிநீர் ஊற்றியபின் கட்டிக் குப்பையில் போட வேண்டும். வளர்க்க முடியவில்லை என்று நன்மங்கலம் காட்டிலோ கல்லூரி வளாகத்துப் புதரிலோ கொண்டுபோய் விடுவதும் கூடாது. அங்கே மண்ணுக்குள் வளை கட்டி நம் ஊர்ச் சிலந்திகள் இருக்கின்றன, அவற்றுக்கு வேற்று நாட்டுப் புழுவோடு பழக்கமில்லை.