பிள்ளையின் முகத்தோடு வரும் சோதனை



ஈப்போவின் ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவுக்கு முன்பு புரூஸ்டர் ரோடு என்று பெயர். நம் பெரியவர்கள் சிலர் இன்னும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே 141-ஆம் எண் வீட்டில் 1926-இல் டாக்டர் ஆப்டன் கிளமெண்ட் கார்த்திகேசு கிளினிக் திறந்தார். அவர் தமிழர். அவருடைய மனைவி சிபில், மேடானில் பிறந்த யுரேஷியப் பெண்மணி. பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி, ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்கர், காண்டோனீஸ் சரளமாகப் பேசுவார். அதனால் சீனத் தாய்மார்களும் அவரைத் தேடி வந்தார்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் நம் மண்ணுக்குள் வந்தபோது, அந்தக் குடும்பம் ஈப்போவை விட்டுப் பாப்பானுக்குப் போனது. பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஈய லம்பப் பட்டணம் அது. அங்கே ஒரு கடைவீட்டில் அம்மையார் வைத்தியம் பார்த்தார். பகலில் ஊர் ஜனங்கள் வருவார்கள். இரவில், பின்புறக் காய்கறித் தோட்டத்தின் வழியாக, காட்டிலிருந்து கெரில்லாப் போராளிகள் வருவார்கள். காயத்துக்கும் காய்ச்சலுக்கும் அவர் மருந்து கொடுத்தார். வீட்டுக்குள் ஒரு வானொலிப் பெட்டியை ஒளித்து வைத்திருந்தார். அதற்கு ஜோசஃபின் என்று பெயர். இப்போது நீங்கள் காப்பி குடித்துக்கொண்டே வானொலி கேட்கிறீர்கள். அன்று அந்தப் பெட்டியில் பிபிசி செய்தி கேட்டது தெரிந்தால் உயிர் போகும்.

1943-இல் ஜப்பானிய இராணுவப் போலீஸான கெம்பித்தாய் அவர்களைப் பிடித்தது. கணவரும் வளர்ப்பு மகனும் சிறைக்குப் போனார்கள். சிபில் அம்மையார் எக்கியோ யோஷிமுரா என்ற சார்ஜண்டின் கையில் அகப்பட்டார். அவருக்கு நேர்ந்த கொடுமைகளை இந்தக் காலை வேளையில் நான் விவரிக்கப் போவதில்லை. முதுகெலும்பும் தாடையும் பாழாயின. அவ்வளவு போதும். யோஷிமுராவுக்கு வேண்டியது பெயர்கள். யார் வந்தார்கள், எங்கே இருக்கிறார்கள், யார் உதவினார்கள்? அம்மையார் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

அப்புறம் அந்த மனிதன் கொண்டுவந்தது அவருடைய மகளை. டோன் என்ற அந்தச் சிறுமிக்கு ஏழு வயது. பிள்ளையை மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டினார்கள். தாயின் கண் முன்னால். 'சொல்லிவிடு, பிள்ளை பிழைக்கும்' என்பதுதான் பேரம். அப்போது, சொல்ல வேண்டாம் என்று தாயைப் பார்த்துக் கத்தியது அந்தப் பிள்ளைதான். தாய் அப்போதும் வாய் திறக்கவில்லை. டோன் உயிர் பிழைத்தாள்.

இந்த வரலாற்றை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்துவது இந்த இடம்தான். சோதனை என்றதும் நாம் கெட்ட ஆசைகளை நினைத்துக்கொள்கிறோம். குடி, சூது, பிறன்மனை. இவை சோதனைகள்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்மை உண்மையாகவே வீழ்த்தும் சோதனை பெரும்பாலும் பாசத்தின் வழியாகவே வருகிறது. வனாந்தரத்தில் இயேசுவிடம் சாத்தான் முதலில் நீட்டியது அப்பம். நாற்பது நாள் பட்டினி கிடந்தவருக்கு அப்பம் வேண்டும் என்பதில் என்ன பாவம்? பசி நியாயமான பசி. அந்த நியாயத்துக்குள்தான் கண்ணி இருந்தது.

தோட்டப்புறத்தில் பிறந்தவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். இருட்டு விலகுமுன் மரம் வெட்டி, பாலெடுத்து, வாளி சுமந்து ஸ்டோருக்கு வந்தால், அங்கே தராசும் கிராணியின் பென்சிலும் காத்திருக்கும். பாலில் கொஞ்சம் தண்ணீர் கலக்கலாம். கணக்கில் கொஞ்சம் குறைத்து எழுதலாம். இரண்டு பக்கத்திலும் மனிதர்கள்தான், இரண்டு பேர் வீட்டிலும் பிள்ளைகள்தான். தண்ணீர் கலந்தவரிடமும் குறைத்து எழுதியவரிடமும் கேட்டிருந்தால், பிள்ளையின் ஸ்கூல் சப்பாத்தைத்தான் காரணமாகச் சொல்லியிருப்பார்கள். சம்பளம் அப்படி இருந்தது. அந்த வறுமையை ஏற்படுத்தியவர்களின் பாவத்தை ஏழையின் தலையில் மட்டும் கட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பாது.

இன்று பேராக்கின் ரப்பர் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ மாறிவிட்டன. லயத்தில் வளர்ந்த பிள்ளைகள் புந்தோங்கிலும் சுங்கை சிப்புட்டிலும் வீடு வாங்கி, கிடங்கிலும் அலுவலகத்திலும் பொறுப்பான வேலையில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் வந்திருக்கிறது. கூடவே காப்பிக் காசும் வந்திருக்கிறது. சரக்குக் குறைவாக வந்தாலும் சரி என்று எழுதச் சொல்லி ஒரு உறை. டெண்டரை இந்தப் பக்கம் தள்ளிவிடச் சொல்லி இன்னொரு உறை. வாங்கியவர்களில் பலர் சொல்வது, "மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்." மலேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று ஐம்பது வெள்ளி நீட்டுகிற நாமும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறோம்.

பிள்ளைக்காக என்று நாம் செய்கிறோமே, அந்தப் பிள்ளையிடம் யாராவது ஒருமுறை கேட்டிருக்கிறோமா? டோனிடம் அன்று யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். ஏழு வயதில், நெருப்புக்கு மேலே, தன் உயிரைவிடத் தன் தாயின் வாக்கு பெரியது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நாளில் ஒரு பிள்ளை இதைக் கற்றுக்கொள்ளாது. அந்த வீட்டில் பார்த்துப் பார்த்து வளர்ந்திருக்க வேண்டும்.

நேர்மையாக இருந்தால் கர்த்தர் எல்லாவற்றையும் இங்கேயே ஈடுசெய்துவிடுவார் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். பாவம் செய்ய மறுத்த யோசேப்பு போய்ச் சேர்ந்த இடம் சிறைச்சாலை. சிபில் அம்மையாருக்கு 1947-இல் ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, உண்மை. அடுத்த வருடம் ஜூன் 12-ஆம் தேதி, 48 வயதில், அந்தக் காயங்களோடு பிரிட்டனில் இறந்துபோனார். 1949-இல் அவருடைய உடலை ஈப்போவுக்குக் கொண்டுவந்து செயின்ட் மைக்கேல் தேவாலயத்தை ஒட்டிய கல்லறையில் அடக்கம் செய்தார்கள். நேர்மைக்கு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் பல நேரம் தனியாகவே கொடுக்கிறார்.

அதனால் சபையாரிடம் ஒரு வேண்டுகோள். உறையைத் திருப்பிக் கொடுத்ததால் பதவி உயர்வு போனவர், பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட மறுத்ததால் வேலையே போனவர் உங்கள் ஆலயத்திலும் இருக்கலாம். அவருக்காக ஜெபிப்பதோடு நின்றுவிடாதீர்கள். இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். வாடகை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். தெரிந்த இடத்தில் அவருக்கு வேலை சொல்லிவையுங்கள். பிள்ளையின் ஸ்கூல் சப்பாத்தை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.