செய்தி அனுப்பிய பிறகு

நிருபராக இருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கிளம்பிவிடலாம். விபத்தோ மறியலோ அடிக்கல் நாட்டு விழாவோ, போய்ப் பார்த்து, நாலு பேரிடம் பேசி, டெஸ்க்குக்கு அனுப்பிவிட்டால் அந்த ஊரோடு கணக்கு தீர்ந்தது. மறுநாள் வேறு ஊர். பல ஆண்டுகள் இப்படியே ஓட்டிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் இதழியல் சொல்லித்தரப் போனபோது முதலில் உறைத்தது, இங்கே கிளம்ப முடியாது என்பது. திங்கட்கிழமை அரைகுறையாகச் சொன்னதைச் செவ்வாய்க்கிழமை அதே முகங்கள் கிளறும்.

பத்திரிகைத் தொழிலை வகுப்பில் கற்றுக்கொடுக்க முடியுமா என்பது பழைய வழக்கு. பத்திரிகை அதிபர் புலிட்சர் விட்டுப்போன பணத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1912இல் இதழியல் பள்ளி தொடங்கியபோதே இந்தச் சண்டை இருந்தது. நம் பக்கம் லாகூரில் 1941இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் இதழியல் படிப்பு வந்தது. ஆனாலும் அலுவலகத்துப் பெரியவர்கள், 'தெருவில் இறங்கினால் தானாக வரும்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான். இன்றும் பாதி அங்கேதான் நிற்கிறேன். செய்தியின் தொடக்க வரியான லீட் எழுதுவதை இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மீதி நாள்களுக்கு என்ன செய்வது? பழைய சாகசங்களைச் சொன்னால் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். அது கச்சேரி. பாடம் ஆகாது.

பெரம்பலூர் மாவட்டத்துக் குரும்பலூர்க்காரனான எனக்குப் பாடம் ஊர்ப்பக்கத்தில்தான் கிடைத்தது. 1956 நவம்பர் 23, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இறந்தவர்கள் எத்தனை பேர் என்று மாணவர்களைக் கண்டுபிடித்து வரச் சொன்னேன். ஆளுக்கொரு எண்ணோடு வந்தார்கள். நூற்றுக்கு மேல் என்பதில் மட்டும் ஒற்றுமை. 'எது சார் சரி?' என்று கேட்டார்கள். யார் எண்ணியது, எந்த நாளோடு எண்ணுவதை நிறுத்தினார்கள், ஆற்றோடு போனவர்களைச் சேர்த்தார்களா என்று நான் திருப்பிக் கேட்டேன். அமைச்சரின் ராஜினாமா ஒரே வடிவத்தில் நிலைத்துவிட்டது. செத்தவர்களின் கணக்கு அப்படி நிலைக்கவில்லை. அன்று வகுப்பு முடிந்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. என் சாகசம் எதற்கும் அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

இன்னொன்று திருமாந்துறை. சிறப்புப் பொருளாதார மண்டலம் வருகிறது என்று 2000களின் பிற்பகுதியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் வாங்கப்பட்டது. அறிவிப்பு வந்த நாளில் அது பெரிய செய்தி. பிறகு ஆண்டுக்கணக்கில் நிலம் சும்மா கிடந்தது. கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள். நிலம் சும்மா கிடப்பதற்கு எந்த நாளில் தலைப்பு போடுவது? அதற்குத் தேதி கிடையாது, பிரஸ் மீட் கிடையாது, எனவே நிருபர் போவதில்லை. 2022இல் எறையூரில் காலணித் தொழிற்சாலைக்கு முதலமைச்சர் அடிக்கல் நாட்டியபோது கேமராக்கள் மறுபடி பெரம்பலூர் மாவட்டத்துக்கு வந்தன.

ஒரு ஊரில் மெதுவாக நடப்பதை எழுதலாம் என்று காட்டியவர் பத்திரிகையாளர் பி. சாய்நாத். 1990களில் வறிய மாவட்டங்களில் சுற்றியபோது பக்கத்துப் புதுக்கோட்டையில் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதைப் பற்றி அவர் எழுதினார். ஒரு நாள் சம்பவமாகப் பார்த்தால் அதில் செய்தி ஏது? மும்பை சோபியா பாலிடெக்னிக்கிலும் சென்னை ஆசிய இதழியல் கல்லூரியிலும் அவர் பாடம் எடுத்திருக்கிறார், களத்தை விடாமலே. எனக்கு அவர் மேல் கொஞ்சம் பொறாமை உண்டு. நான் ஒன்றை விட்டுவிட்டுத்தான் மற்றதற்கு வந்தேன்.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரே ஊரில் கிடந்து எழுதுகிறவனுக்கு எந்தப் பத்திரிகை சம்பளம் கொடுக்கும்? மாவட்டத்துச் செய்தியில் பெரும்பங்கு பகுதிநேர நிருபர்கள் கொடுப்பது. அவர்களில் பலருக்குச் செய்தியைவிட விளம்பரக் கமிஷன்தான் வீட்டை ஓட்டுகிறது. யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே பொங்கல் வாழ்த்து விளம்பரம் கேட்கிற பிழைப்பு. சின்ன வெங்காயம் போட்டு, விலை விழுந்து, கடனில் மகளைப் படிக்கவைக்கும் ஒரு தகப்பனார், 'இதப் படிச்சா வேல கெடைக்குங்களா சார்?' என்று கேட்டார். 'நிச்சயம் இல்லைங்க' என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மகள் குரூப் 4 தேர்வுக்கும் சேர்த்துப் படிக்கிறாள் என்றார்.

வகுப்பில் பெரும்பாலோர் அப்படித்தான். யாரோ ஒருவர் நிருபராகலாம். மற்றவர்கள் கிராம நிர்வாக அலுவலகத்திலோ வங்கியிலோ உட்காரப்போகிறார்கள். இது தெரிந்த பிறகு நான் பாடத்தையே மாற்றிக்கொண்டேன். இப்போது பேட்டி எடுப்பதைவிடக் கிராம நிலக் கணக்கான அடங்கலைப் படிப்பதற்கும், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவதற்கும் அதிக நேரம் போகிறது. நாளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவள் மேசைக்கு இந்தப் பக்கத்துக் கேள்வியை ஒருமுறையாவது கேட்டிருந்தால், அது ஒரு பைலைனுக்குக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. துறையில் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஆகஸ்டு 15 கிராம சபைக்கு அவரவர் ஊரில் போய் உட்காரச் சொன்னேன். அந்த வெங்காய விவசாயியின் மகள் மூன்று பக்கம் எழுதி வந்தாள். வரவுசெலவை வாசித்த வேகம், அதில் காதில் விழுந்த தொகைகள், கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனை பேர், கேட்டவர்கள் எத்தனை பேர் எல்லாம் இருந்தன. லீட் இல்லை. மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். அக்டோபர் 2 சபைக்கும் போய், அதே தொகைகளை அதே ஆளிடம் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.