எந்த நோவைத் தாங்குவது?

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் வீதியோரம் நின்று மரதன் ஓட்டம் பார்த்திருப்பீர்கள். விலாவைக் கையால் அமுக்கியபடி ஒரு பையன் நடக்கத் தொடங்குகிறான். "விடாதே, ஓடு!" என்று நாம் கூவுகிறோம். அப்படிக் கூவ நமக்கு உரிமை உண்டா என்று எப்போதாவது யோசித்தோமா?

விலாக்குத்து பெரும்பாலும் தீங்கற்றது. வயிறு நிறைய உண்டோ குடித்தோ ஓடுவோருக்கு அதிகம் வரும். வேகத்தைக் குறைத்து மூச்சை ஆழ இழுத்து விட்டால் தணியும். புதுச் சப்பாத்து கடித்துக் கொப்புளம் எழும். வியர்வையில் தொடை உரஞ்சி எரியும். சற்று வாஸ்லீன் பூசிக்கொண்டு போனால் எரிவு குறையும். இவற்றைப் பொறுக்கப் பழகுவது நல்லதே. சரீரம் முனகும்போதெல்லாம் உட்கார்ந்துவிடுகிறவன் வேறெதையும் முடிக்கமாட்டான். திடம் என்னும் புண்ணியத்தின் முதன்மையான செயல் எதிர்த்துப் பாய்வதல்ல, தாங்கி நிற்பதே என்று புனித தோமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். மட்டுமீறிய துணிவைப் பாவம் என்று சொன்னவரும் அவரே. அந்தப் பகுதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை.

1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் மரதன் ஓட்டம் நடந்தது. போர்த்துக்கல் நாட்டு வீரர் பிரான்சிஸ்கோ லாசரோ வெயில் சுடாதிருக்க உடம்பெங்கும் மெழுகோ கொழுப்போ பூசியிருந்தார் என்பர். வியர்வை வெளியேற வழியின்றிப் போயிருக்கலாம். வழியில் விழுந்தவர் மறுநாள் காலமானார். சிறு எரிவைத் தவிர்க்க முயன்றார். பெரிய எச்சரிக்கையோ அவருக்குக் கேட்கவில்லை.

1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மரதன். சுவிற்சர்லாந்தின் கப்ரியேலா அண்டர்சன் ஷீஸ் ஒருபக்கம் சாய்ந்து, தள்ளாடி மைதானத்துள் வந்தார். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஐந்தே முக்கால் நிமிடமளவு எடுத்து, 37ஆவதாக எல்லைக் கோட்டைக் கடந்து விழுந்தார். மக்கள் எழுந்து ஆரவாரித்தனர். தொட்டால் அவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார் என்பதால் வைத்தியர்கள் தொடாமல் கூடவே நடந்தார்கள். அவருக்கு இன்னும் வியர்ப்பதைக் கண்டு ஓட விட்டார்கள். நல்லவேளையாக அவர் விரைவில் தேறினார்.

அந்த ஆரவாரத்தில் என்னால் முழு மனதோடு சேர முடியவில்லை. வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வெப்பத் தாக்கத்துக்கு ஆளாகிறவர்கள் உண்டென்று இன்றைய மருத்துவம் அறியும். அதைவிட முக்கியமான ஒன்று: வெப்பம் மூளையைத் தாக்கும்போது முதலில் தடுமாறுவது நிதானம். கொப்புளம் கடிக்கிறதென்று ஓடுகிறவனே சொல்வான். தன் புத்தி மங்குகிறதென்று அவனால் சொல்ல முடியாது. "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்வான். தாங்குவதா நிற்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு அந்த வேளையில் அவன் கையில் இல்லை. பார்த்து நிற்கும் நம் கையிலேயே இருக்கிறது.

ஆகவே பெற்றோரே, உங்கள் பிள்ளை விலாவைப் பிடித்தால் தாராளமாக உற்சாகப்படுத்துங்கள். கால் பின்னித் தடுமாறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னால், பரிசையும் இல்லத்தின் புள்ளிகளையும் மறந்து வீதியில் இறங்கி மறியுங்கள். நிழலில் கிடத்தி, தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, வைத்தியரை அழையுங்கள். அவன் உங்களோடு கோபித்துக்கொள்ளக்கூடும். கோபிக்கட்டும்.