பழுது யாருடையது?

சிவகாசியில் என் தாய்மாமா வீட்டுப் பரணில் பல வருஷங்களாகக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் பொம்மைக் காரைச் சரிசெய்யப்போய், சரிசெய்வது என்றால் என்ன என்ற கேள்வியில் வந்து நிற்கிறேன். விஷயம் அற்பமானது. கார் ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஆனால் நம்மில் சிலர் இறந்துபோன நண்பர்களின் கையெழுத்துப் பிரதிகளை வைத்துக்கொண்டு செய்கிற காரியத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அளவில் மட்டும்தான் என்று இப்போது படுகிறது.

மாமா அச்சகத்து ஓவியர். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வரைந்தவர். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே புள்ளிவைத்துத் தகடு எழுதியவர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923ல் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து அந்த ஊர் செய்துவருவதெல்லாம் தீர்ந்துபோவதற்கான பொருள்கள். தீக்குச்சி உரசியதும் தீர்ந்தது. பட்டாசு ஒரு இரவு. காலண்டர் ஒரு வருஷம். மாமா வரைந்த லேபிள்கள் லட்சக்கணக்கில் அச்சாகிக் குப்பைக்குப் போயின. வைத்திருப்பதற்கென்று அவர் செய்த ஒரே பொருள், எனக்குத் தெரிந்து, இந்தக் கார்தான். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது அத்தை எடுத்துக் கொடுத்தாள். "நீயே கொண்டுபோப்பா. இங்க கெடந்தா எடைக்குத்தான் போகும்."

எழுபதுகளில் பினாங்கிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்தது அது. 1939ல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனியின் தயாரிப்பு. 1930ம் வருஷத்து நாலரை லிட்டர் பென்ட்லி, அசலில் 32ல் ஒரு பங்கு. உறுப்புகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டியபடி வரும். கிள்ளி எடுத்து, காகிதத்தில் காட்டியுள்ளபடி பொருத்தி ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டும் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அதற்கான திரவம் பசையைப்போல் இரண்டு பரப்புகளுக்கு நடுவில் தங்குவதில்லை. அது பாலிஸ்டைரீனைக் கரைக்கிறது. கரைந்த இரு பரப்புகளும் ஒன்றில் ஒன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடுகின்றன. பிரித்தால் இரண்டு பக்கமும் காயம் இல்லாமல் பிரியாது. தவறு செய்தவனுக்கு இரண்டாவது சந்தர்ப்பம் கிடையாது.

என் கைக்கு வந்தபோது பின்சக்கரத்தின் அச்சு முறிந்திருந்தது. முன்கண்ணாடி இல்லை. வண்டி முழுக்கச் சிவப்பு, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு: அசல் தீப்பெட்டி லேபிள் நிறங்கள், அச்சு மையில் வார்னிஷ் கலந்து பூசியது. அந்தக் காருக்கு உரியது இங்கிலாந்தின் பந்தயப் பச்சை. பிளாஸ்டிக்கே பச்சையில் வார்க்கப்பட்டது. இது தெரியாமல் மாமா பூசிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். விருதுநகரில் ஒர்க்‌ஷாப் ஒன்றிலிருந்து பிரேக் ஆயில் வாங்கிவந்து, பாதி வண்டியை அதில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சிவப்பு உரிந்து பச்சை வந்தது. சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பிறகு பார்த்தேன். இன்ஜின் மூடியின் இடதுபுறத்தில், பிளாஸ்டிக்கில் பதிந்து ஒரு கைரேகை. கரைப்பான் பட்ட விரலால் தொட்டிருக்கிறார். பரப்பு இளகி ரேகையை வாங்கிக்கொண்டுவிட்டது. அந்த இடத்தில்தான் மை எல்லாவற்றிலும் தடிப்பாக இருந்தது. நிறத்தைப் பற்றிய அறியாமை என்று நான் நினைத்தது, பழுதை மறைக்க அவர் கண்ட வழி. கையில் இருந்த மை சிவப்பு, பூசினார். ஆக, இந்தக் காரை முதலில் சரிசெய்தவர் அவர். நான் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு அவர் சரிசெய்ததைக் கலைத்திருக்கிறேன்.

இப்போது எதை மீட்பது? அசலை என்றால், எந்த அசலை? கம்பெனியின் படத்தில் உள்ள கார் அசல் என்பது எளிதான பதில். அந்தக் கார் யாருடைய நகல்? நாலரை லிட்டர் வண்டியில் சூப்பர்சார்ஜர் பொருத்துவதை அதை வடிவமைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லியே விரும்பவில்லை, பந்தய ஓட்டுநர் டிம் பர்கின் பிடிவாதத்தில் நடந்த காரியம் அது. லெ மான்ஸ் பந்தயத்தில் அந்த வண்டி வென்றதும் இல்லை. 1929லும் 1930லும் வென்றது, பென்ட்லி விரும்பிய வழியில் இன்ஜினைப் பெரிதாக்கிச் செய்த ஸ்பீட் சிக்ஸ். அந்த இரண்டு வருஷமும் வென்ற ஒரே கார், பிற்காலத்தில், 1990ல், லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஒரு கோடி பவுனுக்குப் பேசி முடித்தவர்கள், ஜெயித்த காரின் உறுப்புகள் இதில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, இது அசல் அல்ல என்றார்கள். உறுப்புகள் மாறியது உண்மை. ஆனாலும் இடையறாத சரித்திரம் உடையது, எனவே இதுதான் அந்தக் கார் என்று தீர்ப்பாயிற்று. எனக்கு இது சரியென்றே படுகிறது. ஒரு பொருள் என்பது அதற்கு நேர்ந்தவைகளும்தான். அப்படியானால் என் மாமாவின் காருக்குச் சிவப்பு மை நேர்ந்தது. பச்சை அதன் சரித்திரத்துக்கு முந்தியது.

இங்கே ஒரு எதிர்வாதம் எழும், அதுவும் நம்மவர்களிடமிருந்தே. அந்தக் கைரேகைதானே உண்மை? மற்றதெல்லாம் அச்சில் வார்த்தது, ஆயிரக்கணக்கான வீடுகளில் உள்ளது. ஒரு மனிதன் இதைத் தொட்டான் என்பதற்கு அந்தப் பிழை ஒன்றே சாட்சி. அதைத் திறந்து வைத்துவிடு. இந்த வாதத்தின் கவர்ச்சி எனக்கும் தெரியும். பிழையை மனிதத்தன்மையின் முத்திரையாகப் பார்ப்பது நம் வட்டத்தில் பழகிப்போன ஒன்று. ஆனால் 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை அறிந்த ஊர்க்காரன் எவனும் பிழையை அத்தனை சுலபமாகக் கொண்டாடமாட்டான். அதைவிட முக்கியம், என் மாமா கொண்டாடவில்லை. நிறம் அரை நூல் விலகினால் தாளைக் கிழித்துப் போட்ட மனிதர் அவர். அந்த ரேகை அவருக்கு வெட்கம். அவர் வெட்கத்தை என் ரசனைக்கு விருந்தாக்க எனக்கு என்ன உரிமை?

இறந்த நண்பர் ஒருவரின் கவிதைகளைத் தொகுத்தபோது, அவர் அடித்துவிட்ட வரிகளை நான் படித்துப் பிரதியில் சேர்த்தேன். நல்ல வரிகள் என்று பட்டது. இன்னும் இரண்டு இடங்களில் தாள் கிழிந்துபோன சொற்களை நானே ஊகித்து நிரப்பினேன். பொருத்தமாக இருந்ததால் சொல்லவும் இல்லை. இரண்டையும் நட்பு என்றுதான் நினைத்திருந்தேன். 1894ல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையருக்குக் கிடைக்காத பாட்டுகள் உண்டு. 267ம் 268ம் இன்றுவரை இல்லை. அடிகள் சிதைந்த பாட்டுகளும் பல. அந்த யாப்பில் ஒரு அடி எழுதி இட்டு நிரப்புவது அவருக்குப் பெரிய காரியம் இல்லை. செய்யவில்லை. இல்லாதது இல்லாததாகவே நிற்கிறது. அதனால்தான் இருப்பதை நாம் நம்புகிறோம்.

மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, உப்புத்தாளால் ரேகையைத் தேய்த்து எடுத்துவிடுவது. பத்து நிமிஷ வேலை, மாமாவே இல்லாமல் போய்விடுவார். இரண்டு, திறந்து வைப்பது. மூன்றாவதைச் செய்தேன். காலம் செய்த பழுதைச் சரிசெய்ய யோசனை தேவைப்படவில்லை: அச்சுக்குக் கம்பி போட்டேன், சட்டைப் பெட்டியின் கண்ணாடித் தாளை வெட்டி முன்கண்ணாடி வைத்தேன். பிறகு சிவகாசிக்குப் போய், தெரிந்த அச்சகம் ஒன்றில் கொஞ்சம் சிவப்பு மை கேட்டு வாங்கி, உரித்த பாதியில் பூசினேன். ரேகை உள்ளே போயிற்று.

நிறம் ஒத்துவரவில்லை. அவருடையது வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்கிறது, என்னுடையது பளிச்சென்று இருக்கிறது. நடுவில் எல்லை தெரிகிறது. பழுப்பு கலந்து ஒப்பாக்கிவிடலாம் என்று அச்சகத்துப் பையன் சொன்னான். வேண்டாம் என்றேன். அவர் மறைத்ததை மறைப்பது வரைதான் என் வேலை. நான் கெடுத்ததை மறைக்கும் உரிமை எனக்கு இல்லை.

கவிதைத் தொகுப்பின் பிரதி இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அடித்த வரிகளை எடுத்துவிட்டேன். கிழிந்த இரண்டு இடங்களிலும் புள்ளி வைத்திருக்கிறேன். ஒரு கவிதை அதனால் மோசமாகியிருக்கிறது.