ஆளுள்ள வீடுகள்

பெருக்கெடுத்த வைகையின் கரையை அடைக்கக் குடிக்கு ஒரு பங்கென்று பாண்டியன் அளந்துவிட்ட கதையும், ஆள் துணையற்று, பிட்டு விற்றுப் பிழைத்த வந்தி என்னும் கிழவிக்காகச் சொக்கநாதப் பெருமானே கூலியாளாய் வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று உண்டுவிட்டு, ஆடியும் பாடியும் உறங்கியும் பொழுதைப் போக்கிப் பிரம்படி பட்ட கதையும், திருவிளையாடற் புராணத்தில் படித்தோ, மதுரையில் ஆவணி மூலத்தன்று நடக்கும் பிட்டுத் திருவிழாவில் கண்டோ நம்மில் பலரும் அறிந்தவையே. அந்த அடி அடித்த மன்னன் முதுகிலும் சராசரங்கள் அனைத்தின் மீதும் விழுந்தது என்னுமிடத்தில் பக்தர்கள் ஈசுவரனுடைய சர்வ வியாபகத்தைக் காண்கிறார்கள். எனக்கோ, அதனுள் ஊர்க்காரியம் ஒன்றும் மறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. அடைபடாமல் நின்ற பங்கு ஒன்றே ஆயினும், வெள்ளம் அந்தப் பங்குக்காரன் வீட்டை மட்டும் விசாரித்துக்கொண்டு போவதில்லை அல்லவா?

புராணம் குறிப்பால் உணர்த்தியதை விஞ்ஞானம் இன்று பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. வருசநாட்டு மலைகளில் பிறந்து 258 கிலோமீட்டர் நடக்கும் அந்த நதியில், மதுரையின் சாக்கடைகள் வந்து கலக்கும் இடங்களைப் பார்த்தால் போதும். கழிவிலுள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் உண்டு ஆகாயத்தாமரை படர்ந்து வெயிலை மறைக்க, அழுகுவனவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்த பிராணவாயுவைச் செலவழிக்க, மீன் மூச்சுத் திணறிச் சாகிறது. மணலுக்குள் இறங்கும் நீரோ அயலார் கிணற்றை நாடுகிறது. யாரோ ஒருவன் செய்த அசிரத்தைக்கு எல்லா முதுகும் அடி வாங்குகிறது.

ஏரியையும் கால்வாயையும் ஊரார் கூடிப் பேணிய குடிமராமத்து முன்பு தர்மமாகவே கருதப்பட்டது. அதைக் கட்டாயமாக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் ஒரு சட்டமே பிறந்தது என்றால், தர்மம் தளர்ந்த இடத்தில்தான் தண்டனை நுழைகிறது என்று கொள்ளலாம். இன்று நாம் இரண்டையும் கடந்து, சித்திரையில் கள்ளழகர் இறங்குவதற்கு வைகை அணையிலிருந்து நீர் திறந்துவிடும்படி கேட்டு, அவர் மலைக்குத் திரும்பியதும் ஆற்றை மறந்துவிடுகிறோம்.

ஆறு கெட்டால் அரசு பார்க்கும், அரசும் கைவிட்டால் ஆண்டவன் பார்ப்பான் என்றிருப்பது ஆஸ்திகமா? வந்தியைக் கேட்டால் தெரியும். முதுமையாலும் தனிமையாலும் மண் சுமக்க இயலாத அவள், தன் பங்கை மறுக்காமல், தன் பிழைப்பான பிட்டைக் கொடுத்தாவது அதை அடைக்க ஆள் தேடினாள். ஆண்டவன் வந்தது அந்தத் தேடலுக்கு. ஆளுள்ள வீடுகளின் பங்கை அடைக்க அவன் கூடை தூக்கியதாகப் புராணம் சொல்லவில்லை.